97 பைட் கான்ட்ராக்ட் ஒன்றைச் சோதிப்பது எப்படி: ஈ.வி.எம். அசெம்பிளிக்குப் புதியவர்களுக்கு

எத்தீரியம் கான்ட்ராக்டுகளைச் சாலிடிட்டி மொழியில் எழுதினால், நாம் கேட்காமலேயே கம்பைலர் பல காவல்களைப் போட்டுவைக்கும். கூட்டல் எல்லை மீறினால் நிறுத்தும். ஈதர் ஏற்காத ஃபங்ஷனுக்கு ஈதர் வந்தால் திருப்பிவிடும். கால்டேட்டா (அழைப்போடு வரும் உள்ளீடு) குறைந்து வந்தால் மறுக்கும். அசெம்பிளியில், அதாவது கான்ட்ராக்டுகளை ஓட்டும் ஈ.வி.எம். இயந்திரத்தின் கட்டளைகளையே நேரடியாக எழுதும்போது, இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. எழுதியது நடக்கும், எழுதாதது நடக்காது, அவ்வளவுதான். ஆகவே சோதனைகளையும் வேறு மாதிரி எழுத வேண்டியிருக்கிறது. தோற்கும் சோதனையால் கெடுதல் இல்லை. எங்கே பிசகு என்று அதுவே காட்டிவிடும். தவறான காரணத்துக்காகத் தேறிவிடும் சோதனைதான் ஆபத்து. அசெம்பிளியில் அது நடப்பதற்கான வழிகள் நிறைய இருக்கின்றன.

உதாரணமாக உண்மையிலேயே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கான்ட்ராக்டை எடுத்துக்கொள்வோம். இ.ஐ.பி. 4788 (எத்தீரியம் மேம்பாட்டு முன்மொழிவு) வகுத்த பீக்கன் ரூட் கான்ட்ராக்ட், 2024 மார்ச் 13 அன்று டென்கூன் மேம்படுத்தலோடு எத்தீரியம் மெயின்நெட்டில் நடைமுறைக்கு வந்தது. கையால் எழுதிய அசெம்பிளி. ஓடும் கோடு (நிரல்) மொத்தமே 97 பைட். அதற்கு இரண்டு வேலைகள்தான். ஒவ்வொரு பிளாக்கின் தொடக்கத்திலும் சிஸ்டம் முகவரியிலிருந்து 32 பைட் ரூட் (எத்தீரியத்தின் ஒருமித்த சங்கிலியான பீக்கனில் முந்தைய பிளாக்கின் ஹேஷ்) ஒன்று வரும். அதைச் சேமிக்க வேண்டும். வேறு யாராவது 32 பைட்டில் ஒரு நேரத்தைக் கொடுத்துக் கேட்டால், அந்த நேரத்துக்குரிய ரூட்டைத் திருப்பித் தர வேண்டும்.

சேமிக்கும் முறை வட்டமானது. நேரத்தை 8191-ஆல் வகுத்து வரும் மீதிதான் இட எண். அந்த ஸ்லாட்டில் (ஸ்டோரேஜில் எண்ணிட்ட இடம்) நேரமும், அதோடு 8191-ஐக் கூட்டிய ஸ்லாட்டில் ரூட்டும் உட்காரும். 8191 பகா எண் என்பதால் 12 நொடி இடைவெளியில் பிளாக்குகள் வந்தாலும் எல்லா இடங்களும் நிரம்பிய பிறகே பழையது அழியும். 8191 பிளாக் என்றால் 98,292 நொடி, அதாவது 27 மணி நேரத்துக்குச் சற்று அதிகம்.

கட்டளைகளின் பெயர்களை இங்கே ஒலிப்படி தமிழில் தருகிறோம். கோப்பில் அடிக்கும்போது அவற்றின் மூல எழுத்திலேயே அடிக்க வேண்டும்.

கருவிகள்

ஃபவுண்ட்ரி என்ற சோதனைக் கருவித்தொகுப்பு போதும். நிறுவியபின் ஃபோர்ஜ் இனிட் கொடுத்துப் புதிய புராஜெக்ட் உருவாக்குங்கள். அமைப்புக் கோப்பில் ஈ.வி.எம். பதிப்பைக் கான்கூன் (டென்கூனின் ஈ.வி.எம். பகுதிக்கான பெயர்) என்று நீங்களே குறிப்பிடுங்கள். இயல்பு மதிப்பை நம்ப வேண்டாம். காரணம் இருக்கிறது. இந்தக் கான்ட்ராக்ட் புஷ்0 கட்டளையைப் பயன்படுத்துகிறது. அது 2023 ஏப்ரலில் ஷாங்காய் மேம்படுத்தலில்தான் வந்தது. பழைய பதிப்பில் ஓட்டினால் அந்த பைட் செல்லாத கட்டளை. அதைத் தொட்டதும் அழைப்பு செத்துவிடும். அப்போது "இது தோற்க வேண்டும்" என்று எழுதிய சோதனைகள் எல்லாமே பச்சையாகிவிடும்!

அசெம்பிளரைப் பொறுத்தவரை கீயாஸ், ஹஃப் என்று தேர்வுகள் உண்டு. எதுவானாலும் கடைசியில் கையில் வருவது ஹெக்ஸ் எழுத்துகளின் வரிசைதான். அதைச் சோதனைக்குள் கொண்டுவர இரண்டு வழிகள். வி.எம். எஃப்எஃப்ஐ மூலம் அசெம்பிளரைச் சோதனையே ஓட்டலாம் (வி.எம். என்று தொடங்குபவை ஃபவுண்ட்ரி சோதனைக்குள் தரும் உதவிக் கட்டளைகள்). ஆனால் அந்த வசதியைத் திறந்துவிட்டால் சோதனைக் கோடு உங்கள் கணினியில் எந்தக் கட்டளையையும் ஓட்ட முடியும். முன்பின் தெரியாதவர்களின் புராஜெக்டில் அதைத் திறக்காதீர்கள். பில்ட் ஸ்கிரிப்ட் ஒன்று ஹெக்ஸைக் கோப்பில் எழுதட்டும், சோதனை அதை வி.எம். ரீட்ஃபைல் மூலம் படிக்கட்டும் என்பதே எங்கள் பரிந்துரை. அந்த ஃபோல்டரைப் படிக்க அமைப்புக் கோப்பில் அனுமதி தர வேண்டும். கோப்பின் கடைசியில் ஒட்டியிருக்கும் வரிமுறிவை வி.எம். டிரிம் கொண்டு வெட்டிவிட்டே பைட்டாக மாற்றுங்கள். அசெம்பிளி கோப்பை மாற்றிவிட்டு ஹெக்ஸைப் புதுப்பிக்க மறப்பது அடிக்கடி நடக்கும். சோதனைக்கு முன் பில்ட் தானாக ஓடும்படி ஒரே கட்டளையில் கோத்துவிடுங்கள்.

கோடு உண்மையிலேயே அங்கே இருக்கிறதா?

முதல் சோதனை இதுவாகத்தான் இருக்க வேண்டும். கோடு இல்லாத முகவரியை அழைத்தால் ஈ.வி.எம். அதை வெற்றி என்றே சொல்லும். திரும்பி வரும் டேட்டா காலியாக இருக்கும். முகவரியில் ஓர் எழுத்து பிசகினாலும், வெற்றியை மட்டும் பார்க்கும் சோதனை தேறிவிடும்.

அடுத்த பொறி இன்னும் நுட்பமானது. அசெம்பிளர் தருவதில் இரண்டு வகை உண்டு: ஒருமுறை மட்டும் ஓடிக் கான்ட்ராக்டை நிறுவும் இனிட் கோடு, பிறகு என்றும் தங்கும் ரன்டைம் கோடு. நமது கான்ட்ராக்டின் இனிட் பகுதி 9 பைட். அதன் பின்னால் இருக்கும் 97 பைட்டையும் மெமரிக்குப் படியெடுத்து ரிட்டர்ன் செய்வது மட்டுமே அதன் வேலை. ஒரு முகவரியில் கோட்டை நேரடியாக வைக்கும் வி.எம். எட்ச் கட்டளைக்கு ரன்டைம் கோடுதான் கொடுக்க வேண்டும். தவறி 106 பைட்டையும் அப்படியே கொடுத்துவிட்டால், எந்த அழைப்பு வந்தாலும் இனிட் பகுதி ஓடி, 97 பைட் ரன்டைம் கோட்டையே விடையாகத் தந்துவிட்டு வெற்றி என்று சொல்லும்.

ஆகவே செட்அப் ஃபங்ஷனில் இரண்டு உறுதிகளை வையுங்கள்: அந்த முகவரியின் கோடு நீளம் சரியாக 97; ரூட் கேட்டால் வரும் விடையின் நீளம் சரியாக 32. இவை தவிர, இனிட் கோட்டை கிரியேட் மூலம் நிறுவி, விளைந்த கோடும் எட்ச் செய்த கோடும் ஒன்றா என்று ஹேஷை ஒப்பிடும் சோதனை ஒன்றும் தேவை. எட்ச் மட்டும் பயன்படுத்தினால் இனிட் பகுதியின் 9 பைட்டும் சோதனைக்கு வெளியே நின்றுவிடும்.

ஸ்டாக்கை எழுதிப் பாருங்கள்

சோதனை எழுதுவதற்கு முன் ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் ஸ்டாக் (கட்டளைகள் மதிப்புகளை வைத்து எடுக்கும் அடுக்கு) எப்படி இருக்கும் என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ரூட் கேட்கும் பகுதியின் நடுவே இப்படி இருக்கிறது (மேல் உறுப்பு வலது ஓரத்தில்; புஷ் மதிப்பை வைக்கும், டூப் படியெடுக்கும், ஸ்வாப் இடம் மாற்றும், எஸ்லோட் ஸ்டோரேஜைப் படிக்கும், ஈக்யூ ஒப்பிடும்):

புஷ்3 8191 → நேரம், 8191
டூப்2 → நேரம், 8191, நேரம்
மாட் → நேரம், இடம்
ஸ்வாப்1 → இடம், நேரம்
டூப்2 → இடம், நேரம், இடம்
எஸ்லோட் → இடம், நேரம், சேமித்தநேரம்
ஈக்யூ → இடம், ஒன்றா இல்லையா

மாட் கட்டளை மேல் உறுப்பை அதற்குக் கீழே உள்ளதால் வகுத்து மீதியைத் தரும். இந்த வரிசை தலைகீழானால் நேரத்தை 8191-ஆல் வகுப்பதற்குப் பதில் 8191-ஐ நேரத்தால் வகுக்கும். நிஜ நேரங்கள் எல்லாம் 8191-ஐவிடப் பெரியவை. எனவே மீதி எப்போதும் 8191-ஆகவே இருக்கும். இதைச் சற்று மனதில் வைத்திருங்கள்.

ஐந்தே வழிகள்

ஃபோர்ஜ் கவரேஜ் சாலிடிட்டியின் மூல வரிகளைத்தான் எண்ணும். கையால் எழுதிய பைட்கோடுக்கு அது உதவாது. நாமே எண்ண வேண்டும். இந்தக் கோட்டில் நான்கு ஜம்ப்ஐ (நிபந்தனை பொருந்தினால் தாவும் கட்டளை) இருக்கிறது. ஒவ்வொன்றும் தாவினால் ஒன்று, தாவாவிட்டால் ஒன்று என்று எட்டுக் கிளைகள். அவற்றை முழுதாகத் தொட ஐந்து வழிகள் போதும். ஒவ்வொரு வழியின் கேஸையும் (கட்டளைகள் ஓடுவதற்கான கட்டண அளவு) கையாலேயே கூட்டிவிடலாம்:

அழைத்தவர் சிஸ்டம் முகவரி: ஸ்டோரேஜில் எழுதும் இரண்டு எஸ்ஸ்டோர் நீங்கலாக 51. காலியான ஸ்லாட்டில் முதன்முதலாகப் பூஜ்யமல்லாத மதிப்பை எழுதுவது தலா 22,100 ஆகும், சேர்ந்து 44,251.
கால்டேட்டா 32 பைட் இல்லை: ரிவர்ட் (செய்ததை ரத்து செய்து மறுப்பது), 46.
நேரம் பூஜ்யம்: ரிவர்ட், 72.
சேமித்த நேரத்தோடு பொருந்தவில்லை: ரிவர்ட், 2,204.
பொருந்தியது: ரூட் திரும்பும், 4,320.

கடைசி இரண்டும் ஸ்லாட்டுகளை முதல் தடவையாகத் தொடும்போது வரும் கணக்கு. முதல் எஸ்லோட் 2,100, ஏற்கெனவே தொட்டதானால் 100. அதே சோதனை ஃபங்ஷனுக்குள் முதலில் எழுதிவிட்டுப் பிறகு படித்தால் 4,320 வராது, 320-தான் வரும். கணக்கு தப்பு என்று குழம்ப வேண்டாம். வி.எம். கூல் மூலம் அந்த முகவரியைக் குளிரவைத்துவிட்டுப் படித்தால் முழுத் தொகை வரும்.

இந்த எண்களை வைத்து அருமையான சோதனை ஒன்றை எழுத முடியும். ஸ்லாட்டுகளை ஏற்கெனவே தொட்டபின், அழைப்புக்குச் சரியாக 320 கேஸ் கொடுத்தால் தேற வேண்டும். 319 கொடுத்தால் தோற்க வேண்டும். இந்த வழியில் யாராவது ஒரு கட்டளையைச் சேர்த்தாலும் நீக்கினாலும் இது உடனே காட்டிக்கொடுக்கும்.

அழைப்பது எப்படி, தோல்வியைப் படிப்பது எப்படி

இந்தக் கான்ட்ராக்டுக்கு ஏபிஐ (எந்த ஃபங்ஷனை எப்படி அழைப்பது என்ற விவரணை) கிடையாது. இன்டர்ஃபேஸ் எழுதி அழைத்தால் சாலிடிட்டி முன்னால், எந்த ஃபங்ஷன் என்று குறிக்கும் 4 பைட் செலக்டரை ஒட்டிவிடும். 36 பைட் போய்ச் சேரும். கான்ட்ராக்ட் ரிவர்ட் செய்யும். புதியவர்கள் முதல் அரைமணி நேரத்தை இழப்பது பெரும்பாலும் இங்கேதான். கீழ்நிலை கால் கொண்டு, ஏபிஐ என்கோடு செய்த வெறும் 32 பைட்டை அனுப்புங்கள்.

சிஸ்டம் முகவரியாக நடிக்க வி.எம். பிராங்க். அந்த முகவரி 2-இன் 160-ஆம் அடுக்கிலிருந்து 2-ஐக் கழித்த எண். யூஇன்ட்160 வகையின் உச்ச மதிப்பிலிருந்து 1-ஐக் கழித்தால் கிடைக்கும். பிராங்க் அடுத்த ஒரே ஓர் அழைப்புக்கு மட்டும் செல்லும். அதற்குப் பின் வரும் வரியில், அனுப்ப வேண்டிய ரூட்டையே வேறொரு கான்ட்ராக்டை அழைத்துப் பெற்றால் பிராங்க் அங்கே செலவாகிவிடும். நமது அழைப்பு சாதாரண முகவரியிலிருந்து போகும். 32 பைட் இருப்பதால் கான்ட்ராக்ட் அதை ரூட் கேட்பதாக எடுத்துக்கொண்டு ரிவர்ட் செய்யும். வெற்றியா என்று நீங்கள் பார்க்காவிட்டால் எதுவுமே எழுதப்படாமல் சோதனை மேலே ஓடும். மதிப்புகளை எல்லாம் முதலிலேயே மாறிகளில் எடுத்து வைத்துவிட்டு, அதன் பிறகு பிராங்க், உடனே அழைப்பு என்ற வரிசையைப் பழகிக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான இடம். கீழ்நிலை அழைப்பு "தோல்வி" என்று மட்டும்தான் சொல்லும். இந்தக் கான்ட்ராக்ட் காரணம் எதுவும் சொல்லாமல் வெறுமனே ரிவர்ட் செய்வது. திரும்பும் டேட்டா காலி. ஆனால் ஸ்டாக்கில் உறுப்பு இல்லாமல் எடுக்கப் போனாலும், ஜம்ப்டெஸ்ட் (தாவி இறங்கும் இடத்தைக் குறிக்கும் கட்டளை) இல்லாத இடத்துக்குத் தாவினாலும், கேஸ் தீர்ந்தாலும் வெளியே தெரிவது இதே தோல்வி, இதே காலி டேட்டா. அதாவது கான்ட்ராக்ட் யோசித்து மறுத்ததா, தடுக்கி விழுந்ததா என்று தெரியாது. தாவும் இடம் ஒரு பைட் தள்ளிப்போன கோடும் "33 பைட் அனுப்பினால் தோற்க வேண்டும்" என்ற சோதனையில் தேறலாம்.

இரண்டையும் பிரித்துக் காட்டுவது கேஸ்தான். ரிவர்ட் என்றால் மிச்ச கேஸ் திரும்பி வரும். விபத்து என்றால் கொடுத்தது முழுவதும் போய்விடும். அழைப்புக்கு 1,00,000 கேஸ் வரம்பு வைத்து, முன்னும் பின்னும் கேஸ்லெஃப்ட் எடுத்து வித்தியாசம் பாருங்கள். அழைப்பின் செலவையும் சேர்த்து 10,000-க்குள் இருந்தால் அது ரிவர்ட். ஒரு லட்சமும் காணாமல் போயிருந்தால் விபத்து. "சுத்தமாக மறுத்தது" என்று ஓர் உதவி ஃபங்ஷன் எழுதி, தோல்வி, காலி டேட்டா, குறைந்த கேஸ் மூன்றையும் அதற்குள் பார்த்துவிடுங்கள். தோல்வியை எதிர்பார்க்கும் எல்லாச் சோதனையும் அதன் வழியாகவே போகட்டும். வி.எம். எக்ஸ்பெக்ட்ரிவர்ட்டை இங்கே தவிர்ப்பது நல்லது. கீழ்நிலை அழைப்போடு சேரும்போது, எதிர்பார்த்த தோல்வி நடந்தால் அழைப்பின் விடையே உண்மை என்று மாறி வரும், படிப்பவருக்குத் தலைசுற்றும்.

கால்டேட்டா நீளத்துக்கு 0, 31, 33, 36 நான்கையும் சோதியுங்கள். பூஜ்ய நேரத்துக்கு எதுவும் சேமிக்காத புதிய கான்ட்ராக்டில் சோதியுங்கள். அங்கேதான் அந்தக் காவலின் அருமை தெரியும்: அது இல்லாவிட்டால் காலியான ஸ்லாட்டில் இருக்கும் 0-உம் கேட்ட 0-உம் பொருந்திவிட, பூஜ்ய ரூட் வெற்றியாகத் திரும்பும். அதை நம்பி ஆதாரம் சரிபார்க்கும் இன்னொரு கான்ட்ராக்டுக்கு அது விபரீதம்.

அழைப்போடு வந்த ஈதரின் அளவைத் தரும் கால்வேல்யூ என்ற கட்டளையே கோட்டில் கிடையாது என்பதையும் கவனியுங்கள். ரூட் கேட்கும் அழைப்போடு ஈதர் வந்தால் கான்ட்ராக்ட் அதை ஏற்றுக்கொள்ளும். திரும்ப எடுக்க வழி இல்லை. இப்படிப்பட்ட நடத்தைக்கும் ஒரு சோதனை எழுதிவையுங்கள், அது தெரிந்தே விடப்பட்டது என்று அடுத்தவருக்குப் புரியும்.

ஸ்டோரேஜை நேரடியாகப் பாருங்கள்

நேரத்தை வி.எம். வார்ப் மூலம் வைத்து, ஒரு ரூட்டை எழுதி, அதையே படித்து, ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் எல்லோரும் முதலில் எழுதும் சோதனை. அது போதாது. மேலே சொன்ன தலைகீழ் மாட் பிசகு எழுதும் பகுதி, படிக்கும் பகுதி இரண்டிலும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லா நேரமும் ஸ்லாட் 8191-இலும் எல்லா ரூட்டும் 16,382-இலும் போய் விழும். எழுதியதை உடனே படித்தால் சரியாகவே வரும்! 27 மணி நேர வரலாற்றைக் காக்க வேண்டிய கான்ட்ராக்ட் ஒரே ஒரு பிளாக்கை மட்டும் நினைவில் வைத்திருக்கும், சோதனையோ பச்சை.

இதைப் பிடிக்க இரண்டு நேரங்களை எழுதிவிட்டு முதலாவதைப் படியுங்கள். வி.எம். லோட் மூலம் ஸ்லாட்டுகளை நேரடியாகவும் பாருங்கள். எந்த இட எண்ணில் என்ன இருக்க வேண்டும் என்பதைச் சோதனையில் தனியாகக் கணக்கிடுங்கள். எல்லைகளையும் விடாதீர்கள். மீதி 0 வரும் நேரத்துக்கு ஸ்லாட் 0-உம் 8191-உம். மீதி 8190 வரும் நேரத்துக்கு 8190-உம் 16,381-உம். இந்த இரண்டு ஓரங்களும் சரி என்றால் நேரங்களின் பகுதியும் ரூட்களின் பகுதியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறவில்லை என்று அர்த்தம். பிறகு ஒரு நேரத்தை எழுதி, அதோடு 98,292 கூட்டிய நேரத்தையும் எழுதி, பழையதைக் கேட்டால் சுத்தமாக மறுக்கிறதா என்று பாருங்கள். சாதாரண முகவரி ஒன்று 32 பைட் அனுப்பினால் எந்த ஸ்லாட்டும் மாறவில்லை என்பதற்கும் ஒரு சோதனை.

சோதனையை வயா-ஐஆர் முறையில் (இடைநிலை மொழி வழியாக) கம்பைல் செய்தால் எச்சரிக்கை. ஒரே ஃபங்ஷனுக்குள் பிளாக் நேரம் மாறாது என்று ஆப்டிமைசர் எடுத்துக்கொண்டு, வார்ப் செய்தபிறகும் பழைய மதிப்பையே பயன்படுத்தலாம். வி.எம். கெட்பிளாக்டைம்ஸ்டாம்ப் மூலம் கேளுங்கள், அல்லது நேரத்தை உங்கள் சொந்த மாறியிலேயே வைத்திருங்கள்.

கோட்டை வேண்டுமென்றே கெடுங்கள்

சோதனைகள் எல்லாம் தேறியபின் அசெம்பிளியைப் படியெடுத்து, ஒவ்வொன்றாகக் கெடுத்து ஓட்டுங்கள். பூஜ்யக் காவலை நீக்குங்கள். நீளக் காவலை நீக்குங்கள். இரண்டு இடத்திலும் மீதிக்கான 8191-ஐ 8190 ஆக்குங்கள். மாட்டின் வரிசையை மாற்றுங்கள். அழைத்தவரைப் பார்க்கும் ஒப்பீட்டை வேறு முகவரிக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு கெடுதலுக்கும் குறைந்தது ஒரு சோதனையாவது சிவப்பாக வேண்டும். ஆகாவிட்டால் அங்கே ஓட்டை.

பைட்டை நேரடியாக வெட்டாமல் லேபிள் உள்ள மூலக் கோப்பில் மாற்றி மறுபடி அசெம்பிள் செய்யுங்கள். இந்தக் கோட்டின் தாவும் இடங்கள் 36, 60, 73, 77. நடுவில் ஒரு பைட்டை நீக்கினால் அதற்குப் பின்னால் உள்ளவை எல்லாம் நகர்ந்து, நீங்கள் சோதிக்க நினைத்த கெடுதலுக்குப் பதில் தாவல் விபத்துதான் மிஞ்சும்.

ஃபஸ் சோதனையும் மாதிரியும்

தற்செயல் உள்ளீடுகளைக் கொடுத்துப் பார்க்கும் ஃபஸ் சோதனை ஒன்றை ஃபோர்ஜ் இயல்பாக 256 முறை ஓட்டும். சிறிய கான்ட்ராக்ட், வேகமாக ஓடும். 10,000 வரை உயர்த்துங்கள். ஆனால் எண்ணிக்கையால் மட்டும் பயன் இல்லை. தற்செயலாக எடுத்த 256 பிட் எண் ஏற்கெனவே சேமித்த நேரத்தோடு பொருந்தவே பொருந்தாது. பத்தாயிரம் ஓட்டமும் பொருந்தாத வழியிலேயே போய் முடியும்.

அதே வேலையைச் செய்யும் எளிய சாலிடிட்டி மாதிரி ஒன்றை எழுதுங்கள்: இரண்டு மேப்பிங், சில வரிகள். இரண்டுக்கும் ஒரே செயல் வரிசையைக் கொடுத்து, வெற்றி தோல்வி, திரும்பிய பைட்கள், ஸ்லாட்டுகள் மூன்றையும் ஒப்பிடுங்கள். எழுதும் நேரத்தை, எண்ணை எல்லைக்குள் அடக்கும் பவுண்ட் ஃபங்ஷன் கொண்டு 1-க்கும் 64 பிட் உச்சத்துக்கும் இடையில் வையுங்கள். படிக்கும் நேரத்தைப் பாதித் தடவை ஏற்கெனவே எழுதியவற்றிலிருந்து எடுங்கள். மீதிப் பாதியில் எழுதியதோடு 8191-ஐக் கூட்டியும் 1-ஐக் கழித்தும் கொடுங்கள். பிழைகள் ஒளிந்திருப்பது இந்த அண்டை எண்களில்தான்.

சுழற்சி இல்லாத இப்படிப்பட்ட கோடு ஹால்மோஸ் போன்ற குறியீட்டுச் சோதனைக் கருவிக்கும் ஏற்றது. செக் என்று தொடங்கும் ஃபங்ஷன்களை அது எல்லா உள்ளீட்டுக்கும் சேர்த்து ஆராயும். நீள, பூஜ்யக் காவல்களுக்கு முதலில் முயலுங்கள். வகுத்தல் மீதி வரும் இடங்களில் நேரம் பிடிக்கலாம்.

சிவப்பானால் எங்கே பார்ப்பது

நான்கு வி போட்டு ஓட்டினால் அழைப்புகளின் மரம் தெரியும், கட்டளைகள் தெரியாது. ஃபோர்ஜ் டெஸ்ட்டை டீபக் முறையில் திறந்தால் ஒவ்வொரு கட்டளையாக நகர்ந்து ஸ்டாக்கையும் மெமரியையும் பார்க்கலாம். முன்பு நீங்கள் எழுதிவைத்த ஸ்டாக் குறிப்பைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாருங்கள். இரண்டும் முதலில் பிரியும் வரிதான் பிழை. அசெம்பிளர் தந்த பைட்கள் மீதே சந்தேகம் வந்தால் காஸ்ட் டிஸ்அசெம்பிள் கொடுத்து மூலத்தோடு பாருங்கள்.

கடைசியாக மெயின்நெட் ஃபோர்க், அதாவது நிஜச் சங்கிலியின் நிலையைப் படியெடுத்துச் சோதிப்பது. உண்மையான முகவரியில் உள்ள கோட்டை எடுத்து, நீங்கள் உருவாக்கிய 97 பைட்டோடு ஹேஷ் ஒப்பிடுங்கள். ஃபோர்க் செய்த பிளாக்கின் நேரத்தையே கொடுத்துக் கேளுங்கள்: அந்தப் பிளாக்குக்கு முந்தைய பீக்கன் பிளாக்கின் ரூட் 32 பைட்டாக வர வேண்டும். அதோடு 1 கூட்டிக் கேட்டால் மறுக்க வேண்டும். இந்தக் கான்ட்ராக்டை நிறுவியது தனிச்சாவி இல்லாத முன்கையொப்ப முறையில். கோட்டில் ஒரு பைட் மாறினாலும் கையொப்பத்திலிருந்து மீளும் அனுப்புநர் மாறும், அதனால் முகவரியும் மாறும். நிறுவியபின் திருத்த வாய்ப்பே இல்லாத இடம் என்பதால் ஹேஷ் ஒப்பீட்டை ஒவ்வொரு பில்டிலும் ஓடவிடுங்கள்.

இது கைவந்ததும் 2025 மே 7 அன்று பெக்ட்ரா மேம்படுத்தலில் வந்த இ.ஐ.பி. 7002 கான்ட்ராக்டை எடுத்துப் பாருங்கள். அங்கே 56 பைட்டாக வரும் கோரிக்கைகள் வரிசையில் நிற்கும். ஒரு பிளாக்கில் அதிகபட்சம் 16 வெளியேறும். கட்டணத்தைக் கணக்கிட ஒரு சுழற்சியும் உண்டு. வழிகளை விரல்விட்டு எண்ண முடியாத அந்த இடத்தில் சாலிடிட்டி மாதிரியை முதலில் எழுதிவிட்டு அசெம்பிளியைத் தொடுவது நல்லது.